மாஸ்டரின் மிட்டாய் டப்பா

என் சீட் பெல்ட் 'டக்' என்று மாட்டிக்கொண்ட மறுநொடி, பக்கத்து சீட்டில் ஒரு மாத்திரை வாய்க்குள் போகும். ஒரு மடக்குத் தண்ணீர். கடிகாரத்தை ஒரு பார்வை. "ஏழு. எடுங்க வண்டிய." மாத்திரைக்கும் முதல் வாய் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. கார் பாடமும் சரியாக ஒரு மணி நேரம். ஆகவே காலை ஏழு மணிக்கு யார் படிக்க வருகிறார்களோ, அவர்தான் மாஸ்டருடைய தைராய்டுக் கடிகாரம். பாடம் முடிந்து பெல்ட்டைக் கழற்றும் சத்தத்துக்கு ஃபிளாஸ்க் திறக்கும். ஒருநாள் வழி தவறியதில் பத்து நிமிடம் முன்னதாகவே அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். "இறங்காதீங்க சார். இன்னொரு சுத்து சுத்துங்க. டீ இன்னும் ரெடியாகல," என்றார். டீ அவர் மடியில்தான் இருந்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்மணி. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு, குரல் ஆறடி. முகத்துக்கு நேரே எல்லோரும் 'மாஸ்டர்' என்போம். முதுகுக்குப் பின்னால் 'பிரேக்கக்கா'. இந்தப் பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஒன்பது வருடத்தில் எந்த மாணவனை நம்பியும் அதன் மேலிருந்து காலை எடுத்ததில்லை என்று பேர். ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று வயிறு முன்னேறி டாஷ்போர்டைத் தொட வந்த பிறகும் சீட்டைப் பின்னால் நகர்த்தவில்லை. அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். தினமும் வாசலில் நின்று கெஞ்சுவார்: "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. புள்ளைக்கு மூச்சு முட்டும்."

"தள்ளலாம். தள்ளினா பிரேக் எட்டாது. பிரேக் எட்டலன்னா, இவரு எங்க கொண்டு போய் இடிக்கிறாரோ அங்கயே பிரசவம். பரவால்லயா?"

'இவர்' என்பது நான். சொந்த ஊரில் இருபது வருடம் ஓட்டியவன். இந்த நாட்டில் அந்த லைசென்ஸ் செல்லாது என்றதும் நாற்பத்தாறு வயதில் முதல் பாடத்திலிருந்து தொடங்கினேன். என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு மாஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இருபது வருஷம் ஓட்டினேங்கறீங்க. அங்க ரோட்டுல வேற யாருமே இல்லையா சார்?"

நான் வேர்க்க விறுவிறுக்க ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பேன். அவர் கம்பளிச் சட்டைக்கு மேல் கணவரின் கோட்டையும் போட்டுக்கொண்டு ஹீட்டரை ஏற்றுவார். தைராய்டு மந்தமாக இருப்பவர்களுக்குக் குளிர் அதிகம் தெரியுமாம். "உங்களுக்கு வேர்க்குது, எனக்கு நடுங்குது. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா வண்டி கரெக்டா இருக்கு," என்பார். வியாதியை அவர் விளக்கும் விதமும் தொழிலை ஒட்டியதுதான். "கழுத்துல ஒரு சோம்பேறி உக்காந்திருக்கான் சார். ரெண்டாவது கியரத் தாண்ட மாட்டான். மாத்திரைதான் ஆக்சிலேட்டர். இப்ப வண்டியில இன்னொரு ஆளும் ஏறியாச்சா, இன்னும் கொஞ்சம் அழுத்தணும். அதனாலதான் டோஸ ஏத்தியிருக்காங்க."

ஒருநாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, கேட்காமலே சொன்னார். "முதலாவது நிக்கல சார். மூணு மாசத்துல போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் ரத்தத்தப் பாத்துட்டு தைராய்டுன்னாங்க." நான் அவர் பக்கம் திரும்பினேன். "பச்ச விழுந்தாச்சு. கிளட்ச்," என்றார் அவரே.

அதனால்தான் அந்த ஒழுங்கு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. தேதி கண்ணாடியில் ஒட்டியிருக்கும். தைராய்டு மாத்திரை காலை ஏழுக்கு. இரும்புச் சத்து மாத்திரை பகல் ஒன்றுக்கு, அதற்கு முன்னால் கண்ணில்கூடக் காட்டுவதில்லை. "இதுவும் அதுவும் ஓரகத்திங்க மாதிரி. ஒரே நேரத்துல சமையல்கட்டுக்குள்ள விட்டா ஒரு வேலையும் நடக்காது."

சில்லறைப் பழக்கம் ஒன்றே ஒன்றுதான். கதவோரப் பையில் ஒரு வட்டமான டப்பா. உள்ளே இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, சாக்பீஸை வட்டமாக வெட்டியதுபோல் மாத்திரைகள். நெஞ்செரிச்சலுக்குக் கடித்து மெல்லுவது. மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். அவர் அதை மருந்தென்றே மதிப்பதில்லை, பெயர் 'மிட்டாய்'. நான் கியர் மாற்றும்போது வண்டி உறுமினால் ஒன்று. பேருந்தின் பின்புறத்தை முகர்ந்துவிட்டு நின்றால் ஒன்று. ரவுண்டானா என்றால், நுழையும்போது ஒன்று, உயிரோடு வெளியே வந்ததும் ஒன்று. நறுக்கென்று கடிபடும் சத்தம்தான் எனக்கு மதிப்பெண். நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். "இன்னைக்கு மூணுதான் மாஸ்டர்," என்று பெருமையாகச் சொன்னால், "டப்பா காலி சார். வாங்கணும்," என்பார்.

இதற்கிடையே ரத்தத்தில் தைராய்டின் மந்தத்தைக் காட்டும் எண் ஏறத் தொடங்கியது. நாலாம் மாதம்வரை இரண்டிலேயே சாதுவாக இருந்தது, அடுத்த பரிசோதனையில் ஐந்து, அதற்கடுத்து ஆறரை. மூன்றைத் தாண்டக் கூடாது என்றிருந்தார்கள். டாக்டர் மாத்திரையின் அளவை ஏற்றினார். எண்ணும் கூடவே ஏறியது. லிஃப்ட் ஏறுவதும் இறங்குவதும் கணவருக்குப் பழக்கம்தான், ஆனால் இது இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. வீட்டில் மாத்திரைப் பட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறார்.

"முழுங்காம ஏமாத்தறேனாம்," என்றார் மாஸ்டர். அன்று அவர் சீண்டவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. "நேத்து வாயத் தொறந்து காட்டச் சொன்னாரு சார். நாக்க நீட்டிக் காட்டினேன், வேற வழி." கை வயிற்றின் மேல் இருந்தது. "எல்லாம் சரியாத்தான் பண்றேன். போன தடவயாவது தெரியாமப் போச்சு. இந்தத் தடவ தெரிஞ்சே கைய விட்டுப் போயிடுமோன்னு இருக்கு." எதிரே ரவுண்டானா வந்தது. நறுக்.

அடுத்த பரிசோதனை நாளில் கணவருக்கு எங்கேயோ லிஃப்ட்டில் ஆள் சிக்கிக்கொண்டதால், மாஸ்டரை மருத்துவமனைக்கு ஓட்டிப்போகும் பொறுப்பு என் பாடமாயிற்று. ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை என்பதால் அன்று வெறும் பயணம். அந்தப் பயணத்துக்கு ஐந்து மிட்டாய். இறங்கும்போது டப்பாவும் கைப்பைக்குள் போயிற்று.

ரத்தம் எடுக்கும் இடத்தில் திரைதான் தடுப்பு. நான் அவருடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே நர்ஸ், "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"இரும்பு மட்டுந்தான். அதுவும் ஒரு மணிக்கு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

எனக்குக் கவலை வந்தால் கால் ஆடும். கால் ஆடியதில் பை ஆடியது. பை ஆடியதில் டப்பா கலகலத்தது. நர்ஸ் திரையை விலக்கிப் பார்த்தார். "அது என்ன?"

"அதுவா, மிட்டாய்," என்றார் மாஸ்டர். "நெஞ்செரிச்சலுக்கு."

நர்ஸ் டப்பாவை வாங்கி, அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். "ஒரு நாளைக்கு எத்தன? எப்பெப்ப?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நர்ஸும் பார்த்தார்.

"காலையில ஏழுலருந்து எட்டுக்குள்ள நாலு," என்றேன். "ரவுண்டானா இருந்தா அஞ்சு."

"ரவுண்டானாவா? நீங்க யாரு, வீட்டுக்காரரா?"

"காரணம்," என்றார் மாஸ்டர்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். "இது அத்தனையும் கால்சியம்மா. உங்க தைராய்டு மாத்திரைய உடம்புல சேரவிடாம வயித்துலயே கட்டிப் போட்டுடும். ரெண்டுக்கும் நடுவுல நாலு மணி நேரமாவது இருக்கணும்."

"அப்ப ரெண்டு மாசத்துக்கு மேல நான் போட்டதெல்லாம்?"

"நெறைய வீணாப் போயிருக்கும்."

அவர் சட்டைக் கையை மெல்லக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "குழந்தைக்கு?"

"ஸ்கேன்ல வளர்ச்சி நல்லாத்தான் இருக்கு. டாக்டர் பாத்துப் பேசுவாங்க. இப்பவாவது தெரிஞ்சுதே. நாலு வாரம் ஒழுங்கா இருங்க, திரும்பப் பாத்துடலாம்."

காருக்கு வந்ததும் கணவருக்குப் போன் போட்டார். "என்னங்க, நான் முழுங்காம ஏமாத்தறேன்னு சொன்னீங்கள்ல? ஆளப் பிடிச்சாச்சு. பக்கத்துலதான் நிக்கிறாரு. இல்ல, அடிக்க வேணாம். இன்னும் பார்க்கிங்கே சொல்லிக் குடுக்கல."

வேறு மாஸ்டரிடம் போய்விடுகிறேன், அல்லது சாயங்காலம் வருகிறேன் என்றேன். "ஓடிப் போலாம்னு பாக்கறீங்களா? உங்களுக்குப் பயந்துதானே மிட்டாய். பயமில்லாம ஓட்டுங்க. எனக்கு மிட்டாய் எதுக்கு?" டப்பாவை என் சட்டைப் பைக்குள் போட்டு மேலே ஒரு தட்டுத் தட்டினார். "பதினோரு மணிக்கு முன்னால நானே கெஞ்சினாலும் குடுக்காதீங்க." விஷயம் தெரிந்ததும் டாக்டர், ஏற்றிய அளவில் ஒரு படியைக் குறைத்து எழுதினார், இனி மாத்திரை முழுதாகச் சேரும் அல்லவா.

அந்த நான்கு வாரம் நான் பட்ட பாட்டை லிஃப்ட் மெக்கானிக்கும்கூடப் பட்டிருக்க மாட்டார். அலுவலகத்தில் மேசைக்கடியில் கிளட்ச் மிதித்துப் பழகினேன். என் இதயத்துக்குப் பக்கத்தில் டப்பா கலகலக்காத வேகத்துக்கு மேல் போனதில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். "அடிக்கட்டும் சார். அவங்களுக்கென்ன, தைராய்டா, புள்ளையா," என்பார் மாஸ்டர். நெஞ்செரிச்சல் என்னோடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. ஏழு மாதத்துப் பிள்ளை உள்ளிருந்து உதைக்கும்போதும் வந்தது. அப்போதெல்லாம் அவர் கை கதவோரப் பைக்குப் போகும், வெறுமையைத் தடவும், திரும்பிவந்து கோட்டு நுனியைப் பிசையும். ஒருமுறை என் சட்டைப் பையைப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணு, பாதியாவது," என்றார். மணி ஏழே முக்கால். நான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நல்லா கத்துக்கிட்டீங்க சார். இத மட்டும்," என்றார்.

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பாடத்தின் நடுவே போனில் வந்தது. வலதுபுறம் பார்த்து, இடதுபுறம் பார்த்து, நான் பெரிய ரவுண்டானாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் போன் ஒரு முறை முனகியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"எவ்ளோ மாஸ்டர்?"

"ரோட்டப் பாருங்க."

பார்த்தேன். ஒரு லாரிக்கு வழிவிட்டேன். கியர் உறுமவில்லை. மூன்றாவது வழியில் வெளியேறினேன்.

"ரெண்டு புள்ளி மூணு," என்றார் அவர், ரொம்ப மெதுவாக, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல்.

எதிரே நூறடியில் அடுத்த ரவுண்டானா தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். பக்கத்தில் ஏதோ அசைவு. மாஸ்டர் குனிய முடியாமல் குனிந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு எதையோ தேடினார். டக், டக், டக் என்று மூன்று முறை சத்தம் கேட்டது. சீட் பின்னால் போயிற்று. கால்கள் இரண்டையும் நீட்டிக்கொண்டார்.