பெட்ரோல் போன வழி

யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் வந்தபோது நான் அரியலூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என்பதால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள். என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதை ஓட்டியவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான்கு வருஷமாக என்னிடம் டிரைவராக இருந்தார். பின்சீட்டில் நான் தூங்கிவிட்டால் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறுவதே தெரியாது. அவ்வளவு பக்குவமான கை. அப்போது அவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்றுதான் எழுத வருகிறது.

ஓர் ஐப்பசியில் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பிரசவம் சிக்கலாகிவிட்டதென்று ஆள் வந்தது. போகிற வழியில் மருதையாறு பெருகி ஓடியது.

"கொஞ்சம் வடியட்டுங்க ஐயா. சக்கரத்துக்குள்ள தண்ணி பூந்துடும்" என்றார் டிரைவர்.

"பூந்தா பூரட்டும், இறக்கு" என்றேன்.

சக்கரங்கள் முக்கால்வாசி முழுகின. எப்படியோ அக்கரை ஏறினோம். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் வண்டியை நான் மறந்தே போனேன்.

அதற்கடுத்த மாதத்திலிருந்து பெட்ரோல் போதவில்லை. மாதம் முழுக்க வரும் கூப்பன் இருபது நாளில் தீர்ந்தது. அதற்கும் அடுத்த மாதம் இன்னும் சீக்கிரம். எப்போதும் போகும் அதே ஊர்களுக்குத்தான் போய்வந்தோம்.

"வண்டி எதையோ இழுத்துக்கிட்டு ஓடற மாதிரி இருக்குதுங்க. ஒருநாள் ஒர்க்‌ஷாப்புல விட்டுப் பாத்துடலாம்" என்று டிரைவர் இரண்டு முறை சொன்னார்.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கள்ளச் சந்தையில் பெட்ரோலுக்கு எவ்வளவு கிராக்கி என்று ஊருக்கே தெரியும். என் மனம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு மூங்கில் குச்சியில் கோடு கிழித்து, அவருக்குத் தெரியாமல் டாங்கில் விட்டு அளந்து பார்த்தேன். கார் நிற்கும் கொட்டகையைப் பூட்டிச் சாவியை என் இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன். பூட்டிய கொட்டகையில் ஒரு சொட்டும் குறையவில்லை, ஓடும்போதுதான் குறைந்தது. சந்தேகம் அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். நானோ, போகிற இடத்தில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே இறக்கிவிடுகிறான் என்று முடிவு கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நேராக அவர் வீட்டுக்கே போனேன். கல்லங்குறிச்சி ரோட்டை ஒட்டிய சின்னத் தெரு. அவர் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் வண்டிப் பெட்ரோலை எங்க வச்சிருக்கான் உன் புருஷன்?" என்று சத்தமாகவே கேட்டேன்.

அக்கம்பக்கத்தில் தலைகள் எட்டிப் பார்த்தன. அவள் முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போய், வீட்டில் இருந்த ஒரே டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய். அடியில் கால்படிகூட இருக்காது, விளக்குக்கு வைத்திருந்தது. அத்தனை பேர் பார்க்க, குனிந்து, மூக்கை அந்த டின்னுக்குள் விட்டு முகர்ந்தேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை அவர் வந்து கார் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"வூட்டுக்கு வந்தீங்களாமே" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

பிறகு நானே ஓட்டினேன். பெட்ரோல் அதே வேகத்தில் தீர்ந்தது. சமதரையில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி உடனே தயங்கி நின்றது. புதுக்கை, எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அப்படி நினைக்கத்தான் விரும்பினேன். ஒரு மாதம் கழித்து, பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது பின்னாலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அங்கிருந்த மெக்கானிக் பின்சக்கரத்தில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை.

"ஆத்துத் தண்ணியில விட்டீங்களா சார்? உள்ள துரு ஏறி பிரேக் புடிச்சபடியே நிக்குது. பிரேக்க அழுத்திக்கிட்டே ஓட்டினா பெட்ரோல் குடிக்காம என்ன செய்யும்? டிரைவருக்குத் தெரிஞ்சிருக்குமே, சொல்லலியா?"

சொன்னார் என்று நான் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்தது, "இல்லை" என்ற பொய்தான்.

டிரைவர் அப்போது பெரம்பலூரில் பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து வரும் வாயுவில் ஓடும் பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் நிற்கும் இடத்துக்கே போய்த் தேடினேன். முகமெல்லாம் கரியாக, பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பைக் கிளறிக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொல்லி, திரும்ப வரச் சொன்னேன்.

"வண்டி சரியாயிடுச்சா? நல்லதுங்க" என்றார். அடுப்பை மறுபடி கிளறிவிட்டு, "எங்கிட்ட எதுக்குங்க? டின்னை எடுத்தாந்து வச்சவ அவதான். அவகிட்ட சொல்லுங்க" என்றார்.

நான்கு நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில், உச்சி வெயிலில், தெருவில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அவள் வெளியே வந்தாள். தப்பு என்னுடையது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்குத் தெருவுக்கே கேக்கறாப்புல கேட்டீங்க. இன்னிக்கு எனக்கே சரியா கேக்கலீங்க."

மறுபடி சொன்னேன், கொஞ்சம் உரக்க. எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர் மட்டும் கதவைத் திறந்து பார்த்தார். அன்று கூடிநின்ற மற்ற யாரும் அங்கே இல்லை. அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் நான் வந்து சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"சரிங்க" என்று அவள் உள்ளே போனாள்.

டிரைவர் திரும்பி வரவே இல்லை. அவருடைய பிள்ளைக்கு ஜுரம் கண்டபோது என் வாசலைத் தாண்டித்தான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். கூப்பிட வேண்டும் என்று எழுந்தேன். கூப்பிடவில்லை.