ஆள் போதும் என்றவர்

எங்கள் மருத்துவமனையின் டயாலிசிஸ் அறையில் தரை துடைப்பதும் விரிப்பு மாற்றுவதும் என் வேலை. மெஷின் அக்காவை அங்கேதான் தினமும் பார்ப்பேன். சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களை ஓட்டுபவர் என்பதால் அந்தப் பெயர். ஏதாவது ஓர் இயந்திரம் கத்தினால், திரும்பிப் பார்க்காமலே எது கத்துகிறது, எதற்குக் கத்துகிறது என்று சொல்லிவிடுவார்.

அப்போது அந்த வேலை தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். காலை முறை, மாலை முறை இரண்டும் அவரே. அறைக்கு ஞாயிறு மட்டும் விடுமுறை. மகளுக்குக் கல்யாணமாகி ஆண்டுகள் ஆகியும், வெளியூரில் இருக்கும் அவள் வீட்டில் அக்கா ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஞாயிறு காலையில் போய், சாப்பிட்ட கை காயும் முன் கிளம்பிவிடுவார். "நீ என் அம்மாவா, தபால்காரியா?" என்று மகள் தொலைபேசியில் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அக்கா சிரித்தார். ஆனால் அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

ஒருநாள் உயர்கல்வித் துறையிலிருந்து ஒரு மேடம் வந்தார். மாநிலத்தில் எந்தெந்த வேலைக்கு ஆள் பற்றவில்லை என்று விசாரித்து, அதற்கேற்ற படிப்பைக் கல்லூரிகளில் தொடங்கப் போகிறார்களாம். நிர்வாகி அவரிடம், "நம்ம ஆஸ்பத்திரியில காலியிடமே இல்லைங்க" என்று முன்பே சொல்லியிருந்தார். அது பொய்யில்லை. இருந்தது ஒரே பணியிடம், அதில் அக்கா இருந்தார்.

"இங்க ஆள் போதுமா?" என்று மேடம் அக்காவிடமே கேட்டார்.

"எல்லாம் நல்லா ஓடுதுங்க. நான் பாத்துக்கிறேன்."

மேடம் பேனாவை மூடினார். ஜன்னலோரப் படுக்கையில் இருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, உனக்குக் காய்ச்சல் வந்தா எங்களுக்கு என்ன ஏற்பாடு?"

"எனக்கு வராதுண்ணே."

"எங்க டிப்போவுலயும் இப்படி ஒருத்தன் இருந்தான். லீவே போடமாட்டான். நல்லவன் நல்லவன்னு சொல்லியே அவனுக்கு மாத்து ஆள் போடல. ஒருநாள் அவன் படுத்தான், பஸ்ஸும் படுத்துக்கிச்சு."

"பஸ் படுத்தா நடந்து போயிடலாம்" என்றார் அடுத்த படுக்கையில் இருந்த அம்மா. "நாம எங்கய்யா நடக்கிறது?"

அறையே சிரித்தது. அக்கா மட்டும் குழாயைப் பிடித்தபடி நின்றார். ஆள் வேண்டும் என்று சொன்னால் தன் வேலையைத் தானே குறை சொன்னதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு தலை நிமிராமல் சொன்னார்: "பத்தாதுங்க. நான் விடாம ஓடுறதால வெளிய தெரியல. மக வீட்டுல ரெண்டு நாள் தங்கக்கூட முடியல."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்தேன்.

"போன இடத்துல எல்லாம் காலியில்லைன்னுதான் சொன்னாங்க. இனிமே வேற மாதிரி கேக்கிறேன்."

"எப்படிக் கேப்பீங்க?" என்றார் அக்கா.

"கடைசியா எப்ப லீவு போட்டீங்கன்னு."

பக்கத்து ஊர்க் கல்லூரியில் அந்தப் படிப்பு தொடங்கி, பிள்ளைகள் தேறிவர சில ஆண்டுகள் ஆயின. இப்போது எங்கள் அறையில் புதிதாக இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். போன வாரம் அக்கா தன் மகள் வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் என்று சொல்லிப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

இன்று காலை ஓட்டுநர் முகத்தைச் சுளித்துக்கொண்டு புதுப் பெண்களில் ஒருத்தியிடம் ஊசிக்குக் கையை நீட்டினார்.

"மெதுவாக் குத்தும்மா."

"குத்தியாச்சு தாத்தா" என்றாள் அவள்.