செக்கர் வீட்டு வாசல்

பேருந்தில் சீட்டுப் பரிசோதிக்கிறவரை ஊரே செக்கர் என்றுதான் கூப்பிடும். சீட்டு எடுக்காதவன் எப்படி முழிப்பான், எந்தப் பையில் முதலில் துழாவுவான் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெற்ற தாயே சீட்டில்லாமல் வந்தாலும் அபராதம் போடுவார் என்று டிப்போவில் பேச்சு. அந்த அம்மாள் பஸ்ஸில் ஏறுவதே இல்லை என்பதால் அது நிரூபணமாகவில்லை.

அவருக்கு ஒரே மகள். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவின் சிறுநீரகம் பொருந்தும் என்று தெரிந்ததும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். டாக்டரம்மா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"நமக்கு நாலு நாள்ல போற வைரஸ் காய்ச்சல் இவளை மாசக்கணக்குல படுக்க வெச்சிடும். கிட்னி போனா எதிர்ப்புச் சக்தியும் குறைஞ்சிடும். தடுப்பூசியும் மத்தவங்களுக்கு மாதிரி வேலை செய்யாது. இருமுறவங்க யாரையும் கிட்ட விடாதீங்க."

செக்கருக்கு வேறென்ன வேண்டும்? லீவு போட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டார்.

வந்தவர் யாரானாலும் விசாரணைதான். தும்மல் உண்டா, வீட்டில் பிள்ளைகளுக்கு அம்மை கண்டதா என்று கேட்டு முடித்து, "வாயைத் திறங்க" என்று டார்ச் அடித்துத் தொண்டைவரை எட்டிப் பார்ப்பார். மகளுக்கும் மனைவிக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுத்தவர் தாம் ஒன்றும் மாட்டிக்கொள்ளவில்லை. சீட்டுக் கேட்கிறவன் சீட்டு எடுக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது?

ஒரு நாள் மச்சினன் வந்தான்.

"என்னடா இருமல்?"

"தூசி மாமா. பைக்ல வந்தேன்ல."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. வாயைத் திற."

திறந்தான். திறந்த வாயோடு இருமியும் வைத்தான். செக்கர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைத் திருப்பி அனுப்பினார். கடமை முடிந்த திருப்தியில் அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

ஆபரேஷனுக்குச் சில நாள் இருக்கும்போது அவருக்குத் தொண்டை கரகரத்தது. உடம்பு முறுக்கிப் பிழிந்தது. உள்ளே மகள் ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டே தடவைம்மா, அப்புறம் அந்த மெஷின் மூஞ்சில முழிக்க வேண்டாம்" என்று அவள் சொல்வது வாசல்வரை கேட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"என்னங்க, இருமுறீங்க?" என்றாள் மனைவி.

"தூசி" என்றார்.

அந்தத் தொனி அவருக்குப் பழக்கமானது. பையைத் துழாவிக்கொண்டே எத்தனையோ பேர் அவரிடம் அப்படிப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் ஏமாற்றியது பஸ்ஸை. இவர் ஏமாற்றப் பார்த்தது பெற்ற பெண்ணை. வெட்கமாக இருந்தது. அங்கிருந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் கால் வைக்காமல் பின்பக்கத்துச் சாமான் அறையில் பாய் விரித்தார்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது என்று மச்சினன் எல்லாரிடமும் சொன்னான், இருமிக்கொண்டே. மகள் பெட்டியில் அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். சாமான் அறை ஜன்னலிலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

காய்ச்சல் விட்டு, ஆஸ்பத்திரியில் சோதித்து, சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகே வாசலுக்கு வந்தார். நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மாஸ்க், மடியில் டார்ச்.

"அங்கேயே நில்லுங்க. தும்மல்?"

"இல்லம்மா."

"இருமல்?"

"விட்டுப்போச்சு."

"தூசி?"

செக்கர் தலையைக் குனிந்துகொண்டார்.

"புதுத் தேதி குடுத்துட்டாங்கப்பா" என்றாள். "உள்ள வாங்க."

அவர் அப்படியே நின்றார். கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின.

"என்னப்பா, மூக்கு ஒழுகுது?"

"அழுகைம்மா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்று ஒரு மாஸ்க்கை எடுத்து நீட்டினாள்.