அந்த வீட்டில் யாரும் சாகவில்லை

ஜெயபால் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு வீட்டின் கூடத்தில் குனிந்து நின்று, ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். காலையில் வீடு வீடாகப் போய் வெறும் வயிற்று ரத்தம் எடுப்பது என் வேலை. சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது, மறுபடியும் அதிர்ந்தது. ரத்தத்தை எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். அண்ணனுடைய மனைவி சகுந்தலா அக்காதான் அனுப்பியிருந்தார். முதல் செய்தி: ‘அண்ணன் போயிட்டாரு தம்பி.’ அடுத்தது: ‘எங்க கொண்டுபோறது?’

முதல் செய்தியை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். இரண்டாவதில் இருந்த கேள்விக்கும் பதில் தெரியும். அவர்கள் குடியிருந்த வீடு நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவர் படுத்த கட்டில், காய்ந்துகொண்டிருந்த அவர் கைலி, பாதி தீர்ந்த மருந்துப் பாட்டில் எல்லாம் அங்கேதான். அங்கே அவரைக் கொண்டுபோக முடியாது. வாடகைக்கு எடுக்கும்போதே பேசிய பேச்சு அது.

எங்கள் பரிசோதனை நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகவும், அவர் முன்னால் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்ற காரைக்கால்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். முகத்தைவிட அவர் குரலைத்தான் நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். “மூச்ச நல்லா இழுங்க... அப்படியே அடக்குங்க... ம், விடுங்க.” எக்ஸ்ரே அறையின் கனத்த கதவைத் தாண்டி அந்தக் குரல் ரத்தம் எடுக்கும் என் மேசைவரை வரும். பயந்து நிற்கும் பிள்ளைகளிடம் மட்டும், “விட்டுட்டியா? பெல் அடிச்சிட்டாங்க, ஓடு” என்பார். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “யோவ் ஊசி” என்பார்.

ஓயாத இருமலுக்குப் பிறகு ஒருநாள் தன் நெஞ்சைத் தானே படம் எடுக்க ஏற்பாடு செய்தார். என்னைப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு எந்திரத்தின் முன்னால் போய் நின்றுகொண்டார். “மூச்சை இழுங்க” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே சொல்லிக்கொண்டார். திரையில் படம் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். வலப்பக்க நுரையீரலில் வெள்ளையாக ஒன்று இருந்தது. “படத்த குத்தம் சொல்ல முடியாதுய்யா. நல்லா விழுந்திருக்கு” என்றார். பிறகு வெளியே போய், அடுத்துக் காத்திருந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

அப்போது அவர்கள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு டயர் கடைக்கு மேலே குடியிருந்தார்கள். செங்குத்தான படி. பகல் முழுக்க ஹாரன், புகை, டயரில் காற்றடிக்கும் சத்தம். சிகிச்சைக்குப் போய்வந்த பிறகு படியேறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. மருத்துவர் அதிகம் பேசவில்லை. தரைத்தளமாக, காற்று வருகிற, சத்தமில்லாத இடமாகப் பார்த்துப் போய்விடுங்கள் என்றார். நெடுங்காட்டில் அவர் தம்பி வீடு இருந்தது. ஒரே அறையில் ஆறு பேர். ஆக்சிஜன் தீர்ந்தால் அங்கிருந்து நகரத்துக்குத்தான் ஓடிவர வேண்டும். ஆகவே வாடகைக்கு வீடு தேடினோம்.

அமைதியான தெருக்கள் நம் ஊரில் எங்கே இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். தினமும் விடியற்காலையில் அந்தத் தெருக்களில்தான் வண்டி ஓட்டுகிறேன். ஏன் அமைதியாக இருக்கின்றன என்பதும் தெரியும். பாதி வீடுகளில் ஆள் இல்லை. பிரான்சில் இருப்பவர் வீடு, துபாயில் இருப்பவர் வீடு, சென்னையில் மகனோடு இருப்பவர் வீடு. கிரானைட் வாசல், பூட்டிய கேட், உள்ளே காமிரா மட்டும் விழித்திருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பெருக்கிவிட்டு மறுபடி பூட்டுவார்கள். அந்தப் பூட்டுகளைத் தாண்டித் தாண்டித்தான், மூச்சு வாங்குகிற ஒரு மனிதரை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அலைந்தேன்.

கமால் பாய் என்ற தரகர் கூட வந்தார். அவர் காட்டிய முதல் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. நல்ல மனிதர், நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். தண்ணீர் வசதி, மின்சார மீட்டர் எல்லாம் பேசி முடித்து முன்பணத்துக்கு வரும்போது ஜெயபால் அண்ணன் வாயைத் திறந்தார்.

“சார், ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு நெஞ்சுல புத்துநோய். ஆக்சிஜன் மெஷின் வச்சிருக்கேன், கொஞ்சம் சத்தம் வரும். எப்படியும் கடைசி இந்த வீட்லதான் இருக்கும். உங்களுக்குச் சம்மதம்னா வர்றேன்.”

அதிகாரி மோர் டம்ளரைப் பார்த்தார். “அதாவது... என் மச்சினன் குடும்பம் ஒண்ணு வர்றதா இருக்கு. கேட்டுட்டு நானே கூப்பிடறேன்” என்றார்.

வெளியே வந்ததும் கமால் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “அண்ணே, நீங்க வீடு பாக்க வந்தீங்களா, உங்க மவுத்து சேதி சொல்ல வந்தீங்களா? குடிபோயிட்டு அப்புறமா இருமிக்கலாம்ல?”

அண்ணன் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “பாய், படம் எடுக்கறப்ப சங்கிலிய கழட்டு, சட்டைய கழட்டுன்னு ஊரையே கழட்டச் சொன்னவன் நான். நான் மட்டும் போத்திக்கிட்டு நிக்கவா?”

அடுத்த வீட்டில் நோய்வரை பேச்சே போகவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். நெடுங்காடு என்றார். “நெடுங்காட்டுல எந்தத் தெருங்க?” என்று அந்த வீட்டு அம்மா இனிமையாகக் கேட்டார். இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இந்த மாவட்டத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அவர் தெருவைச் சொன்னார். வாஸ்து பார்க்கிறவரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். குடியிருக்க வருகிறவனுக்கு எதற்கய்யா வாஸ்து என்று நான் கத்தப் போனேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். “விடுய்யா. இந்த நோய்க்குப் படம் எடுக்க வேணாம், வெளியிலயே தெரியுது.”

அந்த இரண்டு வீடுகளுக்கும் நான் மாதாமாதம் ரத்தம் எடுக்கப் போகிறவன். அடுத்த முறை போனபோது அதே அதிகாரி சட்டைக் கையை மடித்து என்னிடம் கையை நீட்டினார். எந்த நரம்பு நழுவும், எது நிற்கும் என்று எனக்குத் தெரிந்த கை. அவர் உடம்புக்குள்ளும் ஏதேதோ ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும்தான் இருக்கிறது. வலிக்காமல் குத்தினேன். “ஒன் கை பஞ்சு மாதிரிப்பா” என்றார். மச்சினன் குடும்பம் வரவில்லை. கீழ்த்தளம் பூட்டிக் கிடந்தது.

கடைசியில் வீடு கொடுத்தவர் லூர்து அம்மா. வீடு பிரான்சில் இருக்கும் அவர் தம்பியுடையது. அம்மா மாடியில் தனியாக இருந்துகொண்டு பார்த்துக்கொள்கிறார். ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்புப் படம் எடுக்க வந்தபோது, வலிக்காமல் புரட்டிப் படுக்கவைத்த அண்ணனின் குரலை அவர் மறக்கவில்லை. நெடுங்காட்டில் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. நோயை முழுவதும் கேட்டுவிட்டு, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றார்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நீங்க இருங்க, எவ்வளவு நாளு வேணும்னாலும் இருங்க. ஆனா அந்த... கடைசி மட்டும் இந்த வீட்ல நடக்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கணும். அதுக்கப்புறமும் இஞ்ச கொண்டு வரக் கூடாது. தெருவுல ஒத்துக்க மாட்டாங்க. பெறகு வீட்டுக்கு ஆளே வராது. என் தம்பிக்கு நான் பதில் சொல்ல முடியாது.”

எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணன் கோபப்படவில்லை. “இத நேரா கேட்ட மொத ஆளு நீங்கதாம்மா. சரி. அதுக்கு முன்னாடி நான் கெளம்பிடறேன்” என்றார். ஏதோ வெளியூர் பேருந்துக்குக் கிளம்புவது போலச் சொன்னார்.

அந்த வீட்டில் அவர் நன்றாக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கே ஒரு பெரிய ஜன்னல். மத்தியானம் தாண்டியதும் கடல் காற்று உள்ளே வரும். கட்டிலை அதை ஒட்டிப் போட்டிருந்தார்கள். “இஞ்ச வந்தப்புறம்தான் இவரு ராத்திரி பூரா தூங்குறாரு” என்று சகுந்தலா அக்கா யாரைப் பார்த்தாலும் சொன்னார். ஆக்சிஜன் எந்திரம் சதா கடகடத்துக்கொண்டே இருக்கும். “தெருவுலயே சத்தம் போடற ஒரே வீடு நம்ம வீடுதான்யா” என்பார் அண்ணன். லூர்து அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சி வைத்துக்கொடுப்பார். அண்ணன் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வார். இரண்டு பேரும் அந்த நிபந்தனையை மறந்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் கூப்பிட்டார். குரல் பாதி காற்றாக இருந்தது. “யோவ் ஊசி, வண்டி சொல்லு.” ஓடினேன். இனி ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டிலேயே நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சகுந்தலா அக்கா அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். “போவ வேணாம்னு சொல்லு தம்பி. இந்தக் காத்துலயே இருக்கட்டும்னு சொல்லு.”

சொன்னேன். “அண்ணே, உங்கள யாரும் வந்து தூக்கி வெளியில போட்டுடுவாங்களா? அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்லண்ணே.”

“அதாம்யா. அந்தம்மா போட மாட்டாங்க. அதுக்குத்தான் போறேன்.” ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தினார். “நான் வார்த்தை மாறினேன்னு வையி, நாளைக்கு எவனாவது சீக்காளி போய் நின்னா அந்தம்மா கதவ தொறப்பாங்களா?”

நான் வாதாடினேன், திட்டினேன். இந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்றேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இப்படி ஒரு வாக்குறுதியைக் கேட்கிற தெருவுக்கு நேர்மையாக இருப்பதில் என்ன இருக்கிறது? ஆனால் மூச்சுக்குத் திணறும் ஒருவரோடு எவ்வளவு நேரம் வாதாட முடியும்? நானேதான் வண்டிக்குச் சொன்னேன்.

தூக்குபடுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் தோளையும் அக்காவின் தோளையும் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். லூர்து அம்மா மாடிப்படியில் ஜெபமாலையோடு நின்று அழுதுகொண்டிருந்தார். நான் நின்றேன். ஒரு வார்த்தை போதும். ‘இருங்க’ என்று அவர் சொல்லிவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஜெயபால் அண்ணனும் ஒருமுறை நிமிர்ந்து மேலே பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. அம்மா ஜெபமாலையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். வண்டியின் கதவை நான் சாத்தினேன்.

ஆஸ்பத்திரி வார்டில் சத்தத்துக்கு நடுவில்தான் அவர் இறந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த கூட்டம், தள்ளுவண்டிச் சக்கரம், யாரோ கைப்பேசியில் போட்டிருந்த பாட்டு. ஓர் அமைதியான வீட்டுக்காக அவ்வளவு அலைந்த மனிதர்.

செய்தி வந்த அன்று காலையில் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தேன். லூர்து அம்மாவைக் கூப்பிட்டு, வாசலில் மட்டும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் அழுதார். “எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. எதுத்த வீட்ல நேத்தே வந்து, இஞ்ச கொண்டு வருவீங்களான்னு கேட்டுட்டாங்க” என்றார். அவரைத் திட்டக்கூட முடியவில்லை. அவருக்கும் அது வாடகை வீடு மாதிரிதான். தம்பி தயவில் இருக்கிறார். நான் யாரைத் திட்டுவது? எதிர்வீட்டையா? எதிர்வீடு அதற்கு எதிர்வீட்டைக் காட்டும்.

நெடுங்காட்டுக்கு நேராகக் கொண்டுபோனோம். அண்ணனுடைய தம்பி வீட்டுக்குள் இடம் இல்லாததால் தெருவில் பந்தல் போட்டு வைத்தார்கள். அந்தத் தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மேளமும் அழுகையுமாக அவ்வளவு சத்தம். எல்லோரும் வந்தார்கள்.

காரியம் முடிந்து, சாமான்களை ஏற்றிக்கொண்டு சகுந்தலா அக்கா தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். சில வாரம் கழித்து லூர்து அம்மா என்னைக் கூப்பிட்டார். நாலு வீட்டுக்குப் போகிறவன், நல்ல குடும்பமாக இருந்தால் சொல்லச் சொன்னார். தயங்கிவிட்டு, நான் கேட்காமலே சேர்த்துக்கொண்டார்: “வர்றவங்ககிட்ட தைரியமா சொல்லு தம்பி. இந்த வீட்ல சாவே விழுந்தது கெடயாது.”

உண்மைதான். ஜெயபால் அண்ணன் அந்த வீட்டுக்கு விட்டுப்போனது அந்த ஒரு வரியைத்தான்.

அவர் குரலை ஊரே வைத்திருக்கிறது. அது எனக்கு மட்டும் சொந்தமில்லை. நான் வைத்துக்கொண்டது, எல்லாம் பேசி முடிந்தபின் அவர் வாயைத் திறந்து போட்டு உடைக்கும் அந்தப் பழக்கத்தை. நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். போன வாரம் வாடகை கொடுக்கப் போனபோது வீட்டுக்காரரிடம் கேட்டேன்: “சார், நான் செத்துட்டா என்னை இந்த வீட்டுல வைப்பீங்களா?”

அவர் சிரித்தார். “இந்த வயசுல என்ன பேச்சு தம்பி இது? போய் வேலையப் பாருங்க” என்றார். நான் போகவில்லை. பதிலுக்காக வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களில் சிலருக்கு நாளைக் காலையில் ரத்தம் எடுக்க நான்தான் வருவேன். பட்டையைக் கட்டிவிட்டு, ஊசியைப் போடுவதற்கு முன்னால் உங்களிடமும் கேட்பேன்.