இரண்டு அங்குல மடிப்பு

இன்று காலை பதுளை கடைத்தெருவில், என் மகளின் பள்ளிக்கூட வெள்ளைக் கவுனின் அடிமடிப்பை அவிழ்ப்பதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கலந்துகொண்டவர்கள்: தையல்காரர், மகள், நான். எனக்கு வாக்குரிமை இல்லை.

இதை எழுத மகள் அனுமதி தந்தாள். படம் போடத் தரவில்லை.

வளர்கிற பிள்ளைகளின் கவுனில் அந்தத் தையல்காரர் இரண்டு அங்குலத்தை உள்ளே மடித்துத்தான் தைப்பார். மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடும். மகளுக்குப் பதினொரு வயதில் குடலில் நாள்பட்ட அழற்சி வந்தது. சாப்பாடு உள்ளே போனது, உயரமாக மாறவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் கவுனைக் கொண்டுபோவோம். அவர் அளந்து பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பாப்போங்க" என்று திருப்பித் தருவார்.

பசறை பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள், "புள்ளைக்குச் சோறு போடுறீங்களா?" என்று விசாரிப்பார்கள். போடுகிறோம் என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றினார்கள்.

இன்று தையல்காரர் டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்தார். "ஒரு இன்ச் அவுக்கலாங்க."

"ரெண்டையும் அவுத்துடுங்கண்ணே" என்றாள் மகள்.

"கவுன் தொங்குமே, பாப்பா."

"பாப்பா இல்ல, பதினாலு வயசு. மிச்சத்துக்கு நான் வளந்துக்கிறேன்."

அவர் இரண்டையும் அவிழ்த்தார்.

மடிப்புக்குள் இருந்த துணி மூன்று வருஷமாக வெயில் படாதது. இப்போது கவுனின் அடியில் இரண்டு அங்குலம் மட்டும் புது வெள்ளை.