நீளவாரியாக அடுக்கிய ஓலைகள்

ஊர் வரலாறு எழுதத் தொடங்கியிருந்த ஆண்டு, ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊரில் செருப்புத் தைப்பவரிடம் அவருடைய அளவோலைகளை இரவல் கேட்டேன். யாருடைய காலை அளந்தாலும் அந்த நீளத்துக்கு ஒரு பனையோலையை நறுக்கி, பாதத்தின் அகலத்தை அதிலேயே கீறி, கயிற்றில் கோத்துவைப்பார். நாற்பத்திரண்டு ஓலைகள். எதிலும் பெயர் இல்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது.

பள்ளிக்கூட வாத்தியார் கேட்டால் மறுக்க முடியுமா? கொடுத்துவிட்டார். நான் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வோர் ஓலையையும் அளந்து எழுதினேன். எழுத வசதியாக நீளவாரியாக அடுக்கி, அப்படியே கோத்து வியாழக்கிழமை திருப்பிக் கொடுத்தேன். தூறல் விழுந்த நேரத்தைக்கூட நாட்குறிப்பில் எழுதுகிறவன், பழைய வரிசையை எங்கும் குறிக்கவில்லை.

அவர் ஓலைகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"வூட்டு வரிசைல இருந்துச்சே சாமி. இதுல எம் புள்ளையுது எது?"

அவருடைய ஒரே மகன் கோலார் சுரங்கத்தில் இறந்துபோனவன். ஒவ்வோர் ஐப்பசியிலும் அவன் இறந்த நாளன்று, அவன் அளவுக்கு ஒரு ஜோடி தைத்து, அது பொருந்துகிற யாருக்காவது கொடுத்துவிடுவாராம். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து ஓலைக்கட்டோடு வீடு வீடாகப் போனேன். ஒவ்வொருவர் காலடியிலும் குனிந்து ஓலையை வைத்துப் பார்த்து, பொருந்தியதைத் தனியே எடுத்துவைத்தேன்.

"இன்னா வாத்யாரே, தொழில மாத்திக்கினீங்களா?" என்று தெருவே சிரித்தது.

"ஊர் வரலாற்றுக்காக" என்றேன். என் தவற்றை ஒருவரிடமும் சொல்லவில்லை. செருப்புத் தைப்பவர் தினமும் செய்கிற வேலையைப் பதினோரு நாள் செய்ததற்கே கூசினேன். அந்தக் கூச்சத்தை நினைத்தால் இன்றும் உடம்பு குறுகுகிறது.

கடைசியில் இரண்டு ஓலைகள் மிஞ்சின. ஒன்று மகனுடையது. மற்றது அரக்கோணம் பக்கம் குடிபோன ஒருவருடையது. அவர் இருக்குமிடம் யாருக்கும் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரு நெல்லளவுதான் வித்தியாசம்; எது யாருடையது என்று தைத்தவராலேயே சொல்ல முடியவில்லை.

"பேஜாராவாதீங்க சாமி" என்றார் செருப்புத் தைப்பவர். "ரெண்டு ஜோடியும் தச்சுட்றேன். ஒண்ணு அவனுதுதானே?"

தவறு செய்தவன் நான். அவர் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். வாசலில் தோலை நனைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிரவில்லை.

"நான் பெத்தது ஒண்ணுதான் சாமி" என்றார் அந்த அம்மா.