கெட்டதைச் சொல்லச் சொன்னவர்

பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற சாமிநாதன் சென்ற வாரம் மன்னார்குடியில் இறந்துபோனார். சிமெண்டு இறக்க வந்த லாரி டிரைவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் வழக்கம் தெரியும். பூசை போட்டுப் பூசணிக்காய் உடைத்ததும், கற்பூரம் அணைவதற்குள் கேட்பார்: "இந்த வேலையில என்ன கெட்டுப்போகும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க." நல்ல நாளில் யார் வாய் திறப்பார்கள்?

செங்கல் விற்றுக்கொண்டிருந்த நான் முதன்முதலாக எடுத்த சர்க்கார் வேலை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆற்றில் ஒரு மதகு. கழக ஆட்சி வந்த புதிது. கூலித் தகராறில் ஊர் இரண்டுபட்டிருந்தது. மதகு கட்டி முடியும்வரை தண்ணீரைச் சுற்றிவிட ஒரு மாற்று வாய்க்கால் வெட்ட வேண்டும். கூலிக்காரர்களின் தெருவை ஒட்டிப் புறம்போக்கு கிடந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று அங்கேயே கோடு போட்டிருந்தேன். பூசையன்று வழக்கம்போல அவர் கேட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா வேண்டாங்க" என்றேன்.

"தண்ணி நாள் பார்த்தா வருது? சும்மா இருய்யா."

மண் சுமக்க வந்திருந்த அஞ்சலைதான் சொன்னாள்: "கரை ஒடஞ்சா எங்க தெருதாங்க மொதல்ல போகும். கான்ட்ராக்டரு லாரியில ஏறிப் போயிடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீர் என்றது. அவள் சொன்னது உண்மை.

அன்றே அஞ்சலையையும் என்னையும் மறுகரையில் நிலம் வைத்திருந்த மிராசுதாரிடம் கூட்டிப்போய், வாய்க்காலுக்கு அவர் வயலைக் கேட்டார் ஓவர்சியர். "என் கதிரை அறுக்க வரமாட்டேன்னவளுக்கு என் வயலா?" என்றார் மிராசுதார்.

ஓவர்சியர் குரலை உயர்த்தவில்லை. "வயல்ல ஒடஞ்சா பயிர் போகும். தெருவுல ஒடஞ்சா உசிரு போகும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மிராசுதார் செருப்பை மாட்டிக்கொண்டு வரப்புக்கு நடந்தார்.

வேலை முடியுமுன் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கரை உடைந்தது. வயல் முழுகியது. தெருவில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

இப்போது பாலம், பள்ளிக்கூடம் என்று பெரிய வேலைகள் எடுக்கிறேன். பூசை முடிந்ததும் நானும் கேட்கிறேன். "எல்லாம் நல்லாவே முடியுங்க முதலாளி" என்கிறார்கள். என்னிடம் சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்? என் தப்பை முகத்துக்கு நேரே சொல்ல இருந்த ஒரே ஆளும் போய்விட்டார்.

அவர் கொடுத்ததாக என்னிடம் இருப்பது, அன்று வரப்பில் நின்று நாலு பேரும் ஒப்புக்கொண்ட சொல்தான். வாய்க்கால் வயல் வழியே போகும். மேல்மண்ணைத் தனியே குவித்து, அடுத்த நடவுக்குள் மூடித் தர வேண்டும். வெட்டுவதும் மூடுவதும் அஞ்சலை தெருக்காரர்கள். கூலி, அவர்கள் சங்கம் கேட்ட கூலி. கரை உடைந்தால் பயிர் நஷ்டம் முழுவதும் என்னுடையது.